குடுமி எங்கே இருக்க வேண்டும்?

ஜன்னலுக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், 90 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் உள்ள ஒரு திறப்பு இருக்கிறது. அதில் கண்ணாடி போட்ட வென்டிலேட்டர் சட்டம் ஒன்றைப் பொருத்த வேண்டும். கீழே நிற்பவர் கயிற்றை இழுத்தால் அது திறக்க வேண்டும். திறந்த நிலையிலும் சாரல் உள்ளே வரக் கூடாது. பலத்த காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடி பெயர்ந்து யார் தலையிலும் விழக் கூடாது. கேட்பதற்கு எளிய ஆசாரி வேலை போலத்தான் இருக்கும். ஆனால் எடை, காற்று, மழை, உராய்வு என நான்கையும் ஒரே சமயத்தில் சமாளிக்க வேண்டிய கணக்கு இது.

சட்டத்தை மேல் விளிம்பில் கீல் போட்டுத் தொங்கவிடலாம், அல்லது கீழ் விளிம்பில் கீல் போட்டு உள்பக்கம் சாயவிடலாம். மூன்றாவது வழி, இரண்டு பக்கவாட்டிலும் நடுவில் பக்கத்துக்கு ஒரு முளை வைத்துச் சட்டத்தையே சுழலவிடுவது. நம் ஊர்ப் பழைய வீட்டுக் கதவுகளும் கோயில் கதவுகளும் கீலில் ஆடுவதில்லை. கதவோடு ஒட்டிய குடுமி மேலும் கீழும் குழிக்குள் உட்கார்ந்து சுழலும். அந்தக் குடுமியைப் படுக்கவைத்தால் சுழல் வென்டிலேட்டர் கிடைத்துவிடும். பிறகு ஒரே கேள்விதான் மிஞ்சும்: அந்தக் குடுமியை எந்த உயரத்தில் வைப்பது? விடை ஓரிரு சென்டிமீட்டர் மாறினால் வென்டிலேட்டரின் குணமே மாறிவிடும்.

மேலே ஏன் திறக்க வேண்டும்?

ஆட்கள், அடுப்பு, வெயிலில் காய்ந்த கூரை எல்லாம் சூடாக்கும் காற்று விரிந்து இலேசாகி மேலே சேர்கிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.165 கிலோ. 35 டிகிரியில் அது 1.146 கிலோ. வித்தியாசம் வெறும் 19 கிராம். ஆனால் கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் இருந்துவிட்டால், அறையைக் காற்றோட்டமாக வைக்க அந்த 19 கிராமே போதும்.

நான்குக்கு மூன்று மீட்டர் அளவில், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். கீழ் ஜன்னலுக்கும் வென்டிலேட்டருக்கும் இடையே ஒன்றரை மீட்டர் உயரம். உள்ளே வெளியைவிட 4 டிகிரி சூடு. இரண்டு இடத்திலும் காற்று புக 0.2 சதுர மீட்டர் வழி இருந்தால், வெளியே இலைகூட அசையாத புழுக்கத்திலும் மணிக்கு ஏறத்தாழ 190 கன மீட்டர் காற்று மேல்வழியே வெளியேறும். அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். ஆக, மணிக்கு ஐந்து முறை அறைக்காற்று முழுவதும் மாறிவிடுகிறது. மின்சாரச் செலவு இல்லை.

கீழ் ஜன்னலைச் சாத்திவிட்டால் என்ன ஆகும்? சுழல் சட்டத்தின் சிறப்பு தெரிவது அப்போதுதான். மேல் கீலில் தொங்கும் சட்டம் கீழே மட்டும்தான் பெரிதாகத் திறக்கிறது. உச்சியில் தேங்கும் சூடான காற்று அங்கேயே நிற்கும். நடுவில் சுழலும் சட்டமோ 30 டிகிரி சாய்ந்தாலே மேல் விளிம்பில் 15 செ.மீ., கீழ் விளிம்பில் 15 செ.மீ. என இரண்டு வாய்களைத் திறக்கிறது. சூடான காற்று மேல்வாய் வழியே போகிறது, வெளிக்காற்று கீழ்வாய் வழியே வருகிறது. இரண்டும் கலந்து குழம்பாமல் நடுவில் கண்ணாடியே தடுப்பாக நிற்கிறது. ஒரே துளை போக்கும் வரத்துமாக இரண்டு வேலை செய்கிறது.

எடையின் கணக்கு

கண்ணாடியின் எடையைச் சொல்வது எளிது. ஒரு சதுர மீட்டருக்கு, கனத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டரை கிலோ. நம் சட்டத்தில் 4 மி.மீ. கண்ணாடி போட்டால் அதன் எடை ஐந்து கிலோவுக்கு மேல் போகும். தேக்குச் சட்டத்தையும் சேர்த்தால் மொத்தம் எட்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

இந்தச் சட்டத்தை மேல் கீலில் தொங்கவிட்டால் அதன் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 30 செ.மீ. கீழே இருக்கும். அதைக் கிட்டத்தட்டப் படுக்கை நிலைக்குத் தூக்க, கீழ் விளிம்பில் சுமார் 4 கிலோ விசை வேண்டும். தூக்கினால் மட்டும் போதாது, திறந்திருக்கும் நேரமெல்லாம் யாரோ அல்லது எதுவோ அதைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். ஈர்ப்பு மையத்துக்கு 2 செ.மீ. மேலே குடுமி வைத்தால் அதே வேலைக்கு மேல் விளிம்பில் அரைக் கிலோ விசை போதும். ஒரு நூல் கயிறும் ஒரு பள்ளிப் பிள்ளையின் கையும் அதைச் செய்துவிடும்.

பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் தராசை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதன் துலாக்கோல் ஒரு கத்திமுனை மேல் ஆடுகிறது. கோலின் ஈர்ப்பு மையம் அந்த முனைக்கு மிகச் சற்றே கீழே இருக்கும்படி செய்திருப்பார்கள். மிகவும் கீழே போனால் தராசு மந்தமாகிவிடும். முனைக்கு மேலே போனால் கோல் ஒரு பக்கம் கவிழ்ந்துவிடும். வென்டிலேட்டரிலும் மூன்று வாய்ப்புகள்தான். குடுமி ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருந்தால் சட்டம் தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும். கீழே இருந்தால் தானாகத் திறந்துகொள்ளப் பார்க்கும். சரியாக ஈர்ப்பு மையத்திலேயே இருந்தால் விட்ட இடத்தில் நிற்கும்.

ஒரு மில்லிமீட்டர்

விட்ட இடத்தில் நிற்பதுதானே சிறந்தது என்று தோன்றும். இரும்பு ஜன்னல்களுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1038 நடுவில் சுழலும் வென்டிலேட்டரிடம் இதைத்தான் எதிர்பார்க்கிறது: பித்தளை அல்லது வெண்கலக் கிண்ணக் குடுமிகள் வேண்டும், சட்டம் சுமார் 85 டிகிரி வரை சுழல வேண்டும், சாதாரணக் காற்றில் எந்தக் கோணத்தில் விட்டாலும் அசையாமல் நிற்க வேண்டும். விதி எழுதுவது எளிது. பட்டறையில் அதைச் செய்துகாட்ட எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சட்டத்தை நிற்க வைப்பது குடுமியின் உராய்வு. குடுமி 10 மி.மீ. விட்டமுள்ள கம்பி, உராய்வுக் குணகம் 0.2 என்று கொண்டால், உராய்வு தாங்கக்கூடிய விலகல் கம்பியின் ஆரத்தையும் குணகத்தையும் பெருக்கிய அளவுதான். ஐந்தை 0.2-ஆல் பெருக்கினால் ஒன்று. அதாவது குடுமிக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் விலகல்தான் உராய்வுக்கு அடங்கும். எட்டு கிலோ சட்டமானாலும் எண்பது கிலோ சட்டமானாலும் இதே ஒரு மில்லிமீட்டர்தான். எடை கூடினால் உராய்வும் சேர்ந்தே கூடுவதால் எடை கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது.

சட்டத்தின் உயரத்தை அளந்து பாதியில் பென்சில் கோடு போட்டுத் துளையிடுபவருக்கு இந்த ஒரு மில்லிமீட்டர் பெரும்பாலும் கிடைக்காது. கீழ்ச்சட்டம் மேல்சட்டத்தைவிட அகலமாக இருக்கும். மேல்சட்டத்தில் பித்தளைக் கொக்கி ஏறும். கண்ணாடியைச் சுற்றிப் பூசும் பட்டியும் இலேசானதல்ல. அளவில் நடு வேறு, எடையில் நடு வேறு.

எடையின் நடுவைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் தேவையில்லை. கண்ணாடி, பட்டி, கொக்கி எல்லாம் ஏறிய சட்டத்தை மேசையில் வைத்த ஒரு உருண்டைக் குழாயின் மேல் படுக்கவைத்து, ஆள் ஒருவர் பிடித்துக்கொள்ள, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். இரு பக்கமும் சாயாமல் தயங்கி நிற்கும் இடத்தில் குழாயின் உச்சிக்கு நேராகப் பக்கச்சட்டங்களில் கோடு கிழித்தால் அதுதான் ஈர்ப்பு மையக் கோடு. பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு முறை, அடித்து உலர்ந்த பின் ஒரு முறை செய்து பார்த்தால் கோடு சற்று நகர்ந்திருப்பதுகூடத் தெரியும்.

மில்லிமீட்டரோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு வேறு வழி உண்டு. உராய்வைக் கம்பியிடம் விடாமல், அகலமான வாஷரை ஸ்பிரிங் கொண்டு அழுத்திப் பிடிக்கச் செய்யலாம். அப்போது உராய்வு சட்டத்தின் எடையை நம்பி இருக்காது, திருகாணியை முடுக்கிய அளவுக்கு இருக்கும். டென்மார்க்கின் வில்லும் கான் ராஸ்முசன் 1940களில் தொடங்கிய வீலக்ஸ் கூரை ஜன்னல்கள் பின்னர் உலகெங்கும் பரவியபோது உராய்வுப் பிடிப்புள்ள சுழல் கீல்தான் அவற்றின் உயிர்நாடியாக இருந்தது. சாய்ந்த கூரையில் சட்டத்தை முழுக்கத் திருப்பி, வெளிப்பக்கக் கண்ணாடியை வீட்டுக்குள் நின்றபடியே துடைத்துவிட முடிந்தது.

கயிறு அறுந்தால்?

உராய்வுப் பிடிப்பு நாளடைவில் தேயும். கயிறும் இற்றுப்போகும். அதனால் வடிவமைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யாரும் பிடிக்காதபோது சட்டம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது. வீட்டில் ஆளில்லாத நாளில் மழை வந்தால் மூடிக்கொள்ளும் வென்டிலேட்டர் நல்லது. புகையும் ஆவியும் எழும் சமையல்கூடத்தில் கயிறு அறுந்தாலும் திறந்தே நிற்கும் வென்டிலேட்டரை ஒருவர் விரும்பலாம். முதல் விருப்பத்துக்குக் குடுமியை ஈர்ப்பு மையத்துக்கு 15 முதல் 25 மி.மீ. மேலே வைக்கலாம், இரண்டாவதற்கு அதே அளவு கீழே. எட்டு கிலோ சட்டத்துக்கு இந்த அளவே போதும். இன்னும் தள்ளிப்போனால் கயிறு கனக்கத் தொடங்கும்.

குடுமி மேலே இருந்தால் ஒரே கயிறு போதும். இழுத்தால் திறக்கும், விட்டால் சட்டத்தின் எடையே மூடும். மூடும் கடைசி நொடியில் கொக்கி விழும் அளவுக்கு வேகம் மட்டும் வேண்டும். விதிப்படியான சமநிலைச் சட்டத்துக்கு இரண்டு இழுப்பு தேவை. மேல்சட்டத்தின் நடுவில் உள்ள ஸ்பிரிங் கொக்கியோடு கட்டிய கயிற்றை இழுத்தால் கொக்கி விடுபட்டுச் சட்டத்தின் தலை உள்ளே சாய்கிறது. மூட, கீழ்ச்சட்டத்திலிருந்து நிலையின் அடியில் உள்ள சிறு கப்பி வழியாக வரும் கயிற்றை இழுக்க வேண்டும். பழைய பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் கயிறு போய்க் கப்பி மட்டும் மிஞ்சிய வென்டிலேட்டர்களை இன்றும் பார்க்கலாம்.

காற்றோடு ஒப்பந்தம்

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் பாஸ்கலில் கிடைக்கும். மணிக்கு 72 கி.மீ. வேகக் காற்றுக்கு 240 பாஸ்கல். நம் சட்டத்தின் மேல் அது 13 கிலோ சுமையாக அழுத்தும். மேல் கீலில் தொங்கும் சட்டத்தில் இந்தச் சுமை முழுதும் கீலிலிருந்து 30 செ.மீ. தள்ளி விழுகிறது. சுழல் சட்டத்திலோ குடுமிக்கு மேலே விழும் காற்று ஒரு பக்கம் திருப்பப் பார்க்கிறது, கீழே விழும் காற்று மறுபக்கம் திருப்பப் பார்க்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன. 2 செ.மீ. விலகலில் மிஞ்சும் திருப்புத்திறன் கீல் சட்டத்தில் இருப்பதில் பதினைந்தில் ஒரு பங்குதான்.

அந்த மிச்சமும் நமக்குச் சாதகமாகவே அமைகிறது. குடுமி மேலே இருப்பதால் அதற்குக் கீழே உள்ள பரப்பு அதிகம். வெளிக்காற்று மோதும்போது கீழ்ப்பகுதி உள்ளே தள்ளப்படுகிறது. கீழ்ப்பகுதி வெளியே சாய்ந்து திறக்கும் சட்டத்தில் உள்ளே தள்ளுவது என்றால் மூடுவது.

சட்டம் நன்றாகத் திறந்திருக்கும்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. கிட்டத்தட்டப் படுத்திருக்கும் தகட்டின் மேல் காற்று பாயும்போது அதன் அழுத்தம் சமமாகப் பரவுவதில்லை, காற்றை எதிர்கொள்ளும் விளிம்புப் பக்கம் குவிகிறது. நம் சட்டத்தில் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கீழ் விளிம்பு. அந்த விளிம்பு சற்றுத் தாழ்ந்திருந்தால் காற்று கண்ணாடியின் மேல்முகத்தில் பட்டு அதை மேலும் தாழ்த்துகிறது. சட்டம் மூடுகிறது. படுக்கை நிலையைத் தாண்டி விளிம்பு உயர்ந்துவிட்டால் அதே காற்று அடிமுகத்தில் புகுந்து சட்டத்தைப் புரட்டிவிடும். 90-ஐ எட்டவிடாமல் 85 டிகிரியில் நிறுத்துவதன் பயன் இதில் விளங்கும். கடைசி ஐந்து டிகிரியால் கூடுதலாகக் கிடைக்கும் காற்று மிகக் குறைவு, அதை விட்டுக்கொடுப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு பெரிது.

எந்தப் பக்கம் சாய்வது

தலை உள்ளே, கால் வெளியே. சுழல் வென்டிலேட்டர் இப்படித்தான் திறக்க வேண்டும். அப்போது கண்ணாடி வெளிப்பக்கம் சரிந்த சிறு கூரையாகிறது. மேலே விழும் நீர் வெளியே வழிகிறது. திசையை மாற்றினால் அதே கண்ணாடி மழைநீரை ஏந்தி அறைக்குள் ஊற்றும்.

இன்னொரு காரணம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. செங்குத்தாக நிற்கும்போது கண்ணாடி தன் கீழ் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். சட்டம் படுத்துவிட்டால் அதன் எடை முழுதும் ஒரு முகத்தின் மேல் இறங்குகிறது. தலை உள்ளே வரும்போது கீழே பார்ப்பது உள்முகம். ஆகவே மரத்தில் இழைத்த காடியின் கெட்டியான உதடு உள்பக்கம் இருக்க வேண்டும், பட்டியோ ஆணி அடித்த பீடிங்கோ வெளிப்பக்கம் இருக்க வேண்டும். மாறி அமைந்தால் ஐந்து கிலோ கண்ணாடி காய்ந்த பட்டியை நம்பி நம் தலைக்கு மேலே தொங்கும்.

பீடிங் புதிர்

இதுவரை எல்லாம் சுழல் சட்டத்துக்குச் சாதகம். ஆசாரியின் பொறுமையைச் சோதிக்கும் இடம் இனிதான் வருகிறது. சாதாரண ஜன்னல் கதவு ஒரு பக்கமாகத்தான் திறக்கும். நிலையைச் சுற்றி ஒரே காடி எடுத்தால் கதவு அதில் வந்து பதியும். சுழல் சட்டத்தின் மேல்பாதி உள்ளே வருகிறது, கீழ்ப்பாதி வெளியே போகிறது. எனவே மேல்பாதிக்குத் தடுப்பு வெளிப்பக்கம் வேண்டும், கீழ்ப்பாதிக்கு உள்பக்கம். குடுமி இருக்கும் உயரத்தில் தடுப்பு பக்கம் மாறியாக வேண்டும்.

மரவேலையில் இதற்குப் பீடிங்கை இரண்டாக வெட்டுவார்கள். வெளிப்பக்கத்தில் மேல்துண்டு நிலையோடு ஆணியடிக்கப்படும், கீழ்த்துண்டு சட்டத்தோடு சேர்ந்து ஆடும். உள்பக்கத்தில் இதற்கு நேர்மாறு. வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பிளைவுட் பலகையில் முழு அளவில் பக்கவெட்டுப் படம் வரைந்து, குடுமிப் புள்ளியில் ஆணி அடித்து, அட்டையில் வெட்டிய சட்டத்தை அதில் கோர்த்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆடும் துண்டின் நுனி நிற்கும் துண்டைத் தொடும் இடங்கள் அப்போது ஒவ்வொன்றாகத் தெரியும். அவற்றைச் சரித்துச் செதுக்கிய பிறகும் ஒரு சிறு இடைவெளி விட்டே ஆக வேண்டும். மழை ஒழுகும் வென்டிலேட்டர்களில் பலவும் ஒழுகுவது அந்த இடத்தில்தான். அதற்குச் சற்று மேலே நிலையில் ஒரு தகரச் சொட்டுப்பட்டை வைப்பதும், முழுத் திறப்பையும் சன்ஷேடின் கீழ் கொண்டுவருவதும் வழக்கமான மருந்து.

இரும்பு இந்தப் புதிரை எளிதாக்கியது. 1884இல் இங்கிலாந்தின் பிரெயின்ட்ரீ ஊரில் பிரான்சிஸ் ஹென்றி கிரிட்டால் உலோக ஜன்னல்களைச் செய்யத் தொடங்கினார். சூட்டில் உருட்டி எடுத்த மெல்லிய இரும்புப் பட்டைகளின் குறுக்குவெட்டிலேயே தடுப்பு உதடு அமைந்துவிடும். அதை வளைத்து, குடுமி உயரத்தில் வெட்டி, பக்கம் மாற்றிப் பற்றவைத்தால் போதும். மரத்தைப் போல இரும்பு மழைக்காலத்தில் ஊதுவதும் இல்லை.

ஆனால் ஒரு குறை இரும்பிலும் தீராது. வெளிக்காற்று அழுத்தும்போது கீழ்ப்பாதி தன் தடுப்போடு இறுக ஒட்டுகிறது, மேல்பாதியோ தன் தடுப்பைவிட்டு விலகப் பார்க்கிறது. அதைப் பிடித்திருப்பது குடுமியும் உச்சிக் கொக்கியும் மட்டுமே. கட்டட வடிவமைப்புக்கான காற்று விதியில் சென்னையின் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39. சென்னைக் கணக்கில் நம் சிறிய சட்டத்தின் மேல் 80 கிலோவுக்கு மேல் சுமை வரும். அதனால் கடலைப் பார்த்த திறந்த சுவரில் சுழல் சட்டத்தை வைப்பதற்குமுன் இருமுறை யோசிக்க வேண்டும்.

கொசுவலை

சுழல் வென்டிலேட்டரை நம் வீடுகளிலிருந்து துரத்தியது காற்றோ மழையோ அல்ல. சட்டத்தின் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் 30 செ.மீ. வீச்சில் போய்வருவதால் நிலையோடு ஒட்டி வலையோ கம்பிக் கிராதியோ அடிக்க முடியாது. அடித்தால் சட்டம் சுழலாது. கொசுவும் திருட்டுப் பயமும் உள்ள ஊரில் இது சிறிய குறை அல்ல. வலையை 30 செ.மீ. வெளியே தள்ளிப் பெட்டி போலக் கட்டலாம். அல்லது 60 செ.மீ. உயரத்தை 15 செ.மீ. உயரமுள்ள நான்கு சிறு சுழல் பட்டைகளாகப் பிரிக்கலாம். வீச்சு ஏழரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஆழமான சுவருக்குள் வலையும் சட்டமும் சண்டையின்றி இருக்கும். கழிப்பறைகளில் நாம் பார்க்கும் கண்ணாடிப் பட்டை ஜன்னல் இந்தப் பிரித்தலை இன்னும் தூரம் கொண்டுபோனதுதான்.

மொத்தத்தில், வேலையின் வரிசை இப்படி அமைகிறது. கயிறு அறுந்தால் சட்டம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அடுத்து வலைக்கும் கிராதிக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு காடியின் உதடு எந்தப் பக்கம், பீடிங் எங்கே வெட்டுப்படும் என்பதை முழு அளவில் வரைந்து தீர்க்க வேண்டும். சட்டத்தைச் செய்து, கண்ணாடி போட்டு, கொக்கி ஏற்றி, குழாயின் மேல் நிறுத்தி எடையின் நடுவைக் குறித்துக்கொள்ள வேண்டும். குடுமிக்கு டிரில் எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. பலரும் முதலில் துளையிட்டுவிட்டு, பிறகு ஏன் நிற்கவில்லை, ஏன் மூடவில்லை என்று கயிற்றையும் கொக்கியையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தவறு பெரும்பாலும் கயிற்றில் இருக்காது, துளையிலிருந்து ஈர்ப்பு மையம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்தால் தெரிந்துவிடும்.